பயோகேஸ் பிளான்ட் சந்தேகங்கள்: கேளுங்க, சொல்றோம்

கேள்வி (ஆத்தூர் வாசகர்): சின்னதா சேகோ மில் (ஜவ்வரிசி மில்) வச்சிருக்கோம். தினம் ஒரு லட்சம் லிட்டர் கழிவுத் தண்ணி வருது, குட்டையில விட்டா ஊரே நாறுதுன்னு சண்டைக்கு வர்றாங்க. அதுல இருந்து கேஸ் எடுக்குற பிளான்ட் போட்டா கட்டுப்படியாகுமா? திப்பியையும் (மாவு எடுத்த பிறகு மிஞ்சுற கிழங்குச் சக்கை) அதுலயே கொட்டிடலாமா?

பதில்: திப்பிய தொடாதீங்க சார். அதுக்கு மாட்டுத்தீவனக்காரங்க காசு கொடுத்து எடுத்துட்டுப் போறாங்க, விலை போற சரக்க எதுக்கு டேங்க்ல போட்டு நாரெல்லாம் கரையாம அடியில தங்கி அடைச்சுக்கிட்டு நிக்கணும்? உங்களுக்கு கேஸ் அந்தத் தண்ணியிலயே இருக்கு.

கணக்க பாருங்க. தண்ணியில எவ்ளோ மாவும் சர்க்கரையும் கரைஞ்சு கிடக்குன்றத லேப்ல சிஓடின்னு ஒரு நம்பரா கொடுப்பாங்க. உங்க தண்ணியில லிட்டருக்கு 5 கிராம்னு வச்சுக்கோங்க, ஒரு லட்சம் லிட்டருக்கு 500 கிலோ. அதுல 80 சதவீதத்த கிருமிங்க தின்னா 400 கிலோ, கிலோவுக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன் (எரியுற கேஸ் அதுதான்), ஆக 140 கன மீட்டர். எல்பிஜி கணக்குல சொன்னா 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் அஞ்சுக்கு மேல, அதுவும் ஒரு நாளைக்கு. இது பேப்பர் கணக்கு, நடப்புல குறையும், அதனால முதல்ல உங்க தண்ணிய லேப்ல கொடுத்துப் பாத்துட்டு அப்புறம் கான்ட்ராக்டர்கிட்ட பேசுங்க, அவர் சொல்ற நம்பர வச்சு லோன் போடாதீங்க.

இப்போ குட்டையில நாறுதே, அங்கயும் மீத்தேன் வந்துக்கிட்டுதான் இருக்கு, மூடி பிடிக்க ஆள் இல்லாம சும்மா மேல போகுது.

கரண்ட் எடுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. எடுக்கலாம், ஆனா இன்ஜின்ல ஓட்டுனா கேஸ்ல இருக்கிற சூட்டுல முக்காவாசிக்கு கிட்ட வீணாப் போகும். ஜவ்வரிசி வறுக்க விறகு வாங்குறீங்கன்னா அந்த அடுப்புலயே நேரா எரிங்க, நைலான் ஜவ்வரிசின்னா ஸ்டீம் போட பாய்லருக்கு விடுங்க. என்னைக் கேட்டா அதுதான் லாபம்.

கேள்வி (ராசிபுரம் வாசகர்): எங்க பிளான்ட் நல்லாதான் ஓடுச்சு. போன வாரம் லோடு அதிகம்னு தண்ணிய சேர்த்து விட்டோம், இப்போ கேஸ் பத்தவே மாட்டேங்குது.

பதில்: அதான் காரணம், நீங்களே சொல்லிட்டீங்க. உள்ள ரெண்டு கிருமிக் கூட்டம் வேலை செய்யுது. மாவ புளிக்க வச்சு ஆசிட் ஆக்குறது ஒண்ணு, அந்த ஆசிட்ட தின்னு மீத்தேன் விடுறது இன்னொண்ணு. முதல் கூட்டம் படு வேகம், ரெண்டாவது நிதானம், அதுங்களுக்கு பிஎச் (புளிப்பு ஏற ஏற இறங்குற நம்பர்) 7 பக்கத்துல இருந்தாத்தான் வேலை ஓடும். லோடு திடீர்னு ஏறுனா ஆசிட் தேங்கி பிஎச் இறங்கிடும், அப்புறம் வர்ற கேஸ் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அது எப்படி பத்தும்?

புதுத் தண்ணிய நிறுத்துங்க. சுண்ணாம்போ சோடா உப்போ கொஞ்சம் கொஞ்சமா விட்டு பிஎச்ச ஏத்துங்க, ஒரேயடியா கொட்டாதீங்க. தேறலன்னா நல்லா ஓடுற பக்கத்து பிளான்ட்ல இருந்து கிருமி நிறைஞ்ச சேறு ஒரு டேங்கர் கொண்டாந்து விடுங்க, சாணமும் ஓகேதான் ஆனா நாளாகும். அப்புறம் பழைய அளவுல பாதியில ஆரம்பிங்க. சீசன் முடிஞ்சு மில்ல மூடுறப்போ பயப்பட வேணாம், அந்தச் சேறு மாசக்கணக்குல பட்டினி தாங்கும்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா சொல்லியே ஆகணும். சேறு அள்ளணும்னு யாரையும் டேங்க் உள்ள இறக்காதீங்க. அழுகின முட்டை நாத்தம் அடிக்குதே ஹைட்ரஜன் சல்பைடு, அது அளவு கூடிட்டா மூக்குக்கு வாசனையே தெரியாது, நாத்தம் போயிடுச்சுன்னு இறங்குறவங்கதான் விழறாங்க, தூக்கப் போன ஆளும் சேர்ந்து விழறார். மூஞ்சில துண்டு கட்டுறதெல்லாம் எதுக்கும் ஆகாது. வெளிய இருந்து பம்ப் போட்டு உறிஞ்சுற ஆளுங்கள கூப்பிடுங்க.

கேள்வி (திருச்செங்கோடு வாசகி): மிச்ச கேஸ பழைய எல்பிஜி சிலிண்டர்ல அடைச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வரலாமா?

பதில்: கூடவே கூடாதும்மா. எல்பிஜி லேசா அழுத்துனாலே திரவமாயிடும், மீத்தேன் அப்படி ஆகாது. அத சுத்தம் பண்ணி 200 பாருக்கு மேல (சாதாரண காத்தழுத்தம் மாதிரி சுமார் 200 மடங்கு) அழுத்தி கனமான சிலிண்டர்ல அடைக்கணும். 2018-ல வந்த மத்திய அரசோட சதத் (SATAT) திட்டத்துல பெரிய பிளான்ட்காரங்க அப்படித்தான் வண்டிக்கு கேஸ் விக்கிறாங்க. வீடு மில் பக்கத்துலயே இருந்தா ஒரு பைப் இழுத்துக்கோங்க, அடுப்ப மட்டும் பயோகேஸ் அடுப்பா வாங்குங்க, எல்பிஜி அடுப்போட ஓட்டை இதுக்கு பத்தாது.