முடிக்காத ஆய்வோடு பயிலரங்குக்குப் போகலாமா?

கேள்வி: மனிதர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் மனித மையக் கணினியியலில் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி நான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் துணையோடு பார்வையற்றவர்கள் வங்கிச் செயலிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் தலைப்பு. 14 பேரிடம் நேர்காணல் எடுத்துவிட்டேன். அடுத்து என்ன என்பதில் தெளிவில்லை. ஒரு மாநாட்டை ஒட்டி நடக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கான பயிலரங்குக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார் என் கைடு. மூத்த ஆய்வாளர்கள் 'இதில் கணினியியல் எங்கே?', '14 பேர் போதுமா?' என்று கேட்டால் என்ன சொல்வேன்? எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்த ஆண்டு போகட்டுமா?

பதில்: அன்புத் தோழிக்கு,

இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள். முடித்துவிட்டுப் போனால் அங்கே கிடைக்கும் யோசனை எதையும் பயன்படுத்த வழி இருக்காது. தலைப்பு உறுதியாகி, கொஞ்சம் தரவும் கையில் வந்து, திசையை மாற்ற இன்னும் இடம் இருக்கிற கட்டம்தான் இதற்குச் சரியான கட்டம். தேர்வு செய்பவர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களைத்தான் தேடுவார்கள். நீங்கள் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள்.

அந்த அறையைத் தேர்வு அறையாகக் கற்பனை செய்துகொண்டதால்தான் இவ்வளவு பயம் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் பத்து இருபது மாணவர்கள், நாலைந்து மூத்த ஆய்வாளர்கள், ஒன்றிரண்டு நாள், அவ்வளவுதான். யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. உங்கள் கைடுக்கு உங்கள் ஆய்வு பழகிப்போயிருக்கும், அதன் ஓட்டைகளும்கூட. முதல்முறை கேட்பவருக்கு அவை சட்டென்று தெரியும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடே.

சரி, உங்கள் இரண்டு பயங்களுக்கு வருகிறேன்.

'இதில் கணினியியல் எங்கே?' இந்தத் துறைக்கு இது பழைய கேள்வி. 1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வகத்தில் லூசி சச்மன் என்ற மானுடவியல் ஆய்வாளர், நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் இருவர் இருவராக வேலை செய்ய வைத்து வீடியோ எடுத்தார். செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஆலன் நியூவெலும் அதில் ஒருவர். அவரே திணறினார். எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பது போன்ற சில செயல்கள் மட்டுமே இயந்திரத்துக்குத் தெரிந்தன. எதிரே நிற்பவர்கள் குழம்பிப் போய்ப் பேசிக்கொண்டது அதன் காதில் விழவில்லை. அந்த ஆய்வு 1984-ல் மானுடவியலில் முனைவர் பட்ட ஆய்வேடானது; கணினி வடிவமைப்பாளர்களின் சிந்தனையையும் மாற்றியது. ஆகவே, உங்கள் நேர்காணல்கள் கணினியைப் பற்றி என்ன புதிதாகச் சொல்கின்றன என்பதை இரண்டு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் ரீடர் ஓடிபியை வாசித்து முடிப்பதற்குள் அதன் நேரம் காலாவதியாகிவிடுகிறது என்றால், அந்தக் கால வரம்பைத் தீர்மானித்தவர் மனதில் எப்படிப்பட்ட பயனர் இருந்தார்? இது முழுக்க முழுக்கக் கணினியியல் கேள்வி.

'14 பேர் போதுமா?' இதற்கு ஐந்து பேர் கணக்கை மட்டும் பதிலாகச் சொல்லிவிடாதீர்கள். 1993-ல் நீல்சன், லாண்டவர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன அந்தக் கணக்கு, ஒரு திரை வடிவமைப்பில் உள்ள குறைகளைக் கண்டுபிடிப்பதற்கானது. ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளில் இடறுவார், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்பது அதன் சாரம். வாழ்க்கை அனுபவத்தைக் கேட்கும் நேர்காணலுக்கு அது பொருந்தாது. கடைசி மூன்று நேர்காணல்களில் புதிதாக ஏதாவது வந்ததா, வந்தது என்றால் அது எந்த வகையானவர்களிடமிருந்து வந்தது? இதைச் சொன்னால் போதும்.

அப்புறம், முக்கியமான விஷயம். எல்லாம் தெரிந்தவர் போல விளக்கிவிட்டு வருவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்களாலும் கைடாலும் தீர்க்க முடியாத ஒரே ஒரு கேள்வியைக் கொண்டு போங்கள். உதாரணத்துக்கு, உங்களிடம் பேசியவர்களில் சிலர் பணம் அனுப்ப வீட்டில் ஒருவரிடம் போனைக் கொடுத்திருப்பார்கள். வங்கி இதைப் பாதுகாப்புக் குறைபாடு என்று சொல்லும். அவர்களோ இதை நம்பிக்கை என்பார்கள். நீங்கள் அடுத்து ஒரு செயலி செய்வதானால், அது இந்தப் பழக்கத்தை ஒழிக்க வேண்டுமா, அல்லது பத்திரமாகத் தொடர உதவ வேண்டுமா? இப்படி ஒரு கேள்வியை வைத்தால் அறையில் இருக்கும் எல்லோரும் உங்களோடு சேர்ந்து யோசிப்பார்கள். நான் மாணவியாகப் போன பயிலரங்கில் கொடுத்த நேரம் முழுக்க நானே பேசித் தீர்த்துவிட்டேன். கருத்துச் சொல்ல யாருக்கும் நேரம் மிஞ்சவில்லை. இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

ஒரு மூத்தவர் ஆய்வைச் சுருக்கு என்பார், இன்னொருவர் விரி என்பார். அங்கேயே பஞ்சாயத்து பண்ண வேண்டாம். 'ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டுக் காரணத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய வாரமே கைடோடு உட்கார்ந்து பேசுங்கள். உடன் வந்த மாணவர்கள் சொன்னதையும் அதே நோட்டில் எழுதுங்கள். பல வருடம் உங்களோடு தொடர்பில் இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் கைடின் பரிந்துரைக் கடிதமும் தேவைப்படும். கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். நேர்காணலின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டும் எண்ணம் இருந்தால், பேசியவரின் ஒப்புதல் அதற்கும் இருக்கிறதா என்று படிவத்தைப் பாருங்கள். ஸ்லைடில் இருக்கும் படங்களை வாயால் விவரித்துப் பழகுங்கள். கேட்க வருபவர்களில் பார்வையற்ற ஆய்வாளர் ஒருவரும் இருக்கலாம்.