ஓஎஸ்-ஐ நீக்கியும் ஸ்கிரிப்ட் எப்படித் தப்பியது?

வணக்கம். லுவா (Lua) நிரல்மொழியின் 5.3 பதிப்பில் பயனர் ஸ்கிரிப்டுக்குத் தனிச் சூழல் டேபிள் (ஸ்கிரிப்ட் பார்க்கக்கூடிய பெயர்களின் பட்டியல்) கொடுத்து, அதிலிருந்து கோப்புகளைத் தொடும் ஓஎஸ் (os), ஐஓ (io) நூலகங்கள் இரண்டையும் எடுத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஆனாலும் கோப்பு அழிந்திருக்கிறது. உங்கள் பட்டியலைப் பார்த்ததும் கண்ணில் பட்டது: சரத்தை நிரலாகத் தொகுக்கும் லோட் (load) ஃபங்ஷன் அப்படியே உள்ளே இருக்கிறது.

வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த கதைதான். லோட்டுக்கு நான்காவது ஆர்குமென்டாகச் சூழலைத் தராவிட்டால், அது தொகுக்கும் துண்டு உங்கள் டேபிளைப் பார்க்காது, நிஜமான குளோபல் டேபிளைத்தான் பார்க்கும். அங்கே ஓஎஸ் பத்திரமாக இருக்கிறது. ஸ்கிரிப்டுக்கு ஒரே வரி போதும்.

லோட்டை நீக்கிவிடுங்கள். தேவையென்றால் ஓர் உறை ஃபங்ஷன் எழுதி, மூன்றாவது ஆர்குமென்டை "t" என்றும் நான்காவதை உங்கள் சூழல் டேபிள் என்றும் நீங்களே நிரப்புங்கள். "t" முக்கியம், பைட்கோடை (முன்பே தொகுத்துவைத்த நிரலை) அது மறுத்துவிடும். 5.2 முதல் பைட்கோடுச் சரிபார்ப்பி கிடையாது, கோணலான பைட்கோடு மொத்த இன்டர்பிரட்டரையும் கவிழ்க்கும். ஸ்கிரிப்டை முதலில் ஏற்றும் உங்கள் சொந்த அழைப்புக்கும் இதே விதிதான்.

கோப்பிலிருந்து நிரலை ஏற்றும் லோட்ஃபைல், டூஃபைல், ரிக்வயர், உள்ளமைப்பைத் தொடும் டீபக் எல்லாம் வெளியே. ஸ்ட்ரிங் டேபிளையும் நேரடியாகத் தராமல் நகல் கொடுங்கள். இல்லையென்றால் அதிலுள்ள ஃபார்மட் (format) ஃபங்ஷனை ஸ்கிரிப்ட் மாற்றிவைக்கும், உங்கள் நிரல் அதை அப்பாவியாக அழைக்கும். சரத்தைப் பலமுறை அடுக்கி நினைவகத்தை நிரப்பக்கூடிய ரெப்பை (rep) நகலில் நீக்கினாலும் சரத்தின் மெத்தடாக அது கிடைக்கும், அதனால் நினைவக வரம்பைத் தனியாக வையுங்கள்.

இனி நீக்கும் பட்டியல் வேண்டாம். காலி டேபிளில் தொடங்கி, தேவையானதை மட்டும் சேருங்கள்.