கிறுக்கல் என்று சொல்லாதீர்கள்

கேள்வி: மார்க் டோபி என்ற அமெரிக்கரின் ஓவியங்கள் வெறும் கிறுக்கலாகத்தானே இருக்கின்றன? ஜென் மடத்தில் தங்கிவிட்டு வந்தால் கிறுக்கலும் கலையாகிவிடுமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் அஞ்சலட்டையை ஒருமுறை படித்தேன், அப்புறம் படிக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘கிறுக்கல்’ என்று எழுதும்போது றகரத்தின் வாலை அடுத்த வரிவரை இழுத்துவிட்டீர்கள். எத்தனை கோபம்! சொல்லைவிட அந்தக் கோடுதான் எனக்கு அதை முதலில் சொன்னது. டோபி நம்பியதும் இந்தக் கோட்டைத்தான்.

படிப்பதற்காக எழுதி, படிக்க முடியாமல் போனால் அது கிறுக்கல். மருந்துச்சீட்டைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். டோபி படிக்கச் சொல்லவே இல்லையே. கையும் பழகிய கை. 1920களிலேயே, அமெரிக்காவின் மேற்குக்கரை நகரமான சியாட்டிலில் படிக்க வந்திருந்த தெங் குவேய் என்ற சீன மாணவரிடம் தூரிகை பிடிக்கக் கற்றவர். ஜப்பானில், கியோட்டோவின் ஜென் பௌத்த மடத்துக்குப் போனது 1934இல். அங்கே இருந்ததும் ஒரு மாதம் போல. அவருடைய மதம் பஹாய். 1918இல் ஏற்றுக்கொண்டு கடைசிவரை விடவில்லை. டில்லியில் தாமரைக் கோயில் கட்டியவர்களின் மதம். மனிதகுலம் ஒன்று என்பது அதன் அடிப்படை. எல்லாவற்றையும் ஜென் கணக்கில் எழுதிவிடுவது சோம்பேறித்தனம்.

மடத்திலிருந்து திரும்பி, 1935இல் இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில் உட்கார்ந்து அவர் வரைந்தது என்ன தெரியுமா? மலையும் மூங்கிலும் அல்ல, நியூயார்க்கின் பிராட்வே தெரு! விளக்கு, கார், ஜனக்கூட்டம் எல்லாம் வெள்ளைக் கோடுகளாகப் பின்னிக்கொண்டு ஓடின. ‘வெள்ளை எழுத்து’ என்று பெயர் பெற்ற பாணி அங்கேதான் பிறந்தது. தியானத்தில் பழகிய கை இரைச்சலை வரைந்தது என்பதுதான் என்னை உலுக்குகிறது.

எனக்கு ஒரு பழைய வழக்கும் இருக்கிறது. மையம் என்று ஒன்றில்லாமல் படம் முழுக்கக் கோடுகள் நிறைந்த டோபியின் படங்கள் 1944இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்துவிட்டன. இன்னொரு அமெரிக்க ஓவியரான ஜாக்சன் பொல்லாக் தரையில் துணி விரித்துச் சாயத்தைச் சொட்டவிட்டு வரையத் தொடங்கியது 1947இல். ஆனாலும் புகழ் பொல்லாக்குக்கு. டோபியின் படங்கள் சின்னவை, மேஜையில் வைத்து வரையத்தக்கவை; ஊரும் சியாட்டில். நியூயார்க் விமர்சகர்கள் பலருக்கு இரண்டுமே இளப்பமாகப் போயிற்று. 1958இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி டோபிக்கு ஓவியப் பரிசு கொடுத்த பிறகும் இந்தக் கணக்கு நேராகவில்லை.

சரி, பிள்ளைகள் நாலு கோடு நோட்டில் எழுதிப் பழகுவதையாவது நிறுத்தாமல் இருக்கிறோமா? இங்கே வருகிற கடிதங்களில் கையெழுத்தைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. டோபியை இன்னும் திட்ட வேண்டுமானால் அதையும் அஞ்சலட்டையிலேயே எழுதுங்கள்.