‘சூப்பர்’ என்று சொன்ன பிறகு
ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், எடுத்த படத்தை நாலு பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்காதவரின் கை தேறுவது கடினம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுக்கே இந்த மாதத்துப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

நண்பர்களிடம் படத்தைக் காட்டினால் ‘சூப்பர்’, ‘அருமை’ என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை. அவர்கள் எடுத்த படத்தை நான் பார்க்கும்போது எனக்கும் வேறு வார்த்தை கிடைப்பதில்லை. எங்கே தொடங்குவது? கோயில் வாசலில் பூக்கட்டும் ஓர் அம்மாவின் படத்தை இணைத்திருக்கிறேன். அதை வைத்தே சொல்லுங்கள். – வாசகி, மதுரை

உங்கள் கண் போன வழியைச் சொல்லுங்கள், அதுதான் தொடக்கம். உங்கள் படத்தைத் திறந்ததும் என் கண் முதலில் போனது அந்த அம்மாவின் தலைக்குப் பின்னால் தொங்கும் பல்புக்கு, ஏனென்றால் படத்தில் வெளிச்சம் மிகுந்த இடத்துக்குத்தான் கண் முதலில் ஓடும். அங்கிருந்து இறங்கி, வாழைநாரில் மல்லிகை மொட்டுகளைக் கட்டும் விரல்களுக்கு வந்து வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு முகத்தைத் தேடினேன். அது இருட்டில் கிடந்தது. மறுபடியும் பல்புக்கே போய்விட்டேன்.

மேலே நான் எழுதியதில் நல்ல படம், மோசமான படம் என்ற தீர்ப்பு எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலிருந்தே உங்களுக்குப் புலப்படும். நீங்கள் காட்ட விரும்பியது விரல்களை என்றால், இன்னும் இரண்டடி நெருங்கி, தரையோடு குந்தி, முகமும் பல்பும் இல்லாமல் கைகளையும் பூக்கூடையையும் மட்டும் எடுத்திருக்கலாம். முகத்தையும் காட்ட விரும்பினீர்கள் என்றால், கடையைச் சுற்றி மறுபக்கம் போயிருக்க வேண்டும். இப்போது பின்னால் இருந்து படத்தைக் கெடுக்கும் அதே பல்பு, அங்கிருந்து பார்த்தால் அவர் கன்னத்தில் பக்கவாட்டில் விழுந்து முகத்தைத் துலக்கியிருக்கும். கேமரா அந்தப் பல்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படம் முழுவதையும் இருட்டாக்கியதும் நடந்திருக்காது.

பாராட்டையும் இதே போலக் குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நார் முடிச்சு இறுகும் அந்த நொடியில் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். கட்டைவிரல் நகம் வெளுத்திருப்பது வரை தெரிகிறது. அது தற்செயலாக அமைந்திருந்தால், இனிமேல் அதற்காகக் காத்திருந்து எடுங்கள். ‘சூப்பர்’ என்ற சொல்லிலிருந்து இதை நீங்கள் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

‘ஷார்ப்பாக இல்லை’ என்று என் படங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். புதிய லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? – வாசகர், கோவில்பட்டி

பணத்தை எடுப்பதற்கு முன், மங்கலாக இருக்கும் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு. படம் முழுவதும், சுவர், மரம், மனிதர் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டது போல் இருந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பவர் 1/200 நொடிக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது என்ற பழைய கணக்கு இன்றும் பயன்படும். சுவரும் மரமும் தெளிவாக இருந்து, ஓடும் சிறுவன் மட்டும் கலைந்திருந்தால் அசைந்தது அவன். அவனை நிறுத்த 1/500 நொடி அல்லது அதைவிட வேகம் தேவைப்படும். சிறுவன் அசையாமல் நின்றும் மங்கலாக இருந்து, அவனுக்குப் பின்னால் இருக்கும் வேலிக்கம்பி மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய நான்கு படங்களில் மூன்று இந்தக் கடைசி வகை. லென்ஸின் மேல் குறையில்லை. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விட்டிருக்கிறீர்கள்.

உங்களிடம் ‘ஷார்ப்பாக இல்லை’ என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்றில் எது என்று ஒரு நிமிடம் பார்த்துச் சொல்லியிருந்தால், லென்ஸ் விலையை விசாரிக்கும் வேலை உங்களுக்கு வந்திருக்காது.

தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்த படங்களை ‘டல்’ என்று ஒதுக்கிவிட்டார்கள். – வாசகர், தூத்துக்குடி

‘உப்பு சாம்பல் நிறத்தில் தெரிகிறது’ என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே முயலும்; வெயிலில் மின்னும் உப்புக் குவியலையும் அப்படித்தான் இருட்டாக்கும். கேமராவின் வெளிச்ச அளவை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு வெளிச்சம்) கூட்டி வைத்து எடுத்து, படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் போய் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசியில் எடுப்பதானால் திரையில் உப்பைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைச் சற்று மேலே தள்ளினால் போதும்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் எந்தப் படத்தைக் காட்டினாலும் ‘மூன்றில் ஒரு பங்கு விதி இல்லை’, ‘தொடுவானம் சாய்ந்திருக்கிறது’ என்றுதான் தொடங்குவார். விதிகளை வைத்துப் படத்தை அளப்பது சரியா? – வாசகர், திருச்சி

படத்தை மூன்று பங்காகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் எடையும் தெரியும். ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் 1797-இல் கிராமப்புற நிலக்காட்சிகளைப் பற்றி எழுதியபோது, ஒரு படத்தில் நிலமும் வானமும், ஒளியும் நிழலும் சரிபாதியாக இருப்பதைவிட ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் அமைவது தமக்கு இனிமையாகப் படுகிறது என்று குறிப்பிட்டார். ஒளிப்படம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே ஓர் ஓவியர் தம் ரசனையாகச் சொன்னதைத்தான் நாம் இன்று சட்டமாகக் கையில் வைத்திருக்கிறோம்.

தொடுவானத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் ஃப்ராங்க் 1955 முதல் அமெரிக்காவைச் சுற்றி ஏறத்தாழ 27,000 படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து 83 படங்களை மட்டும் பொறுக்கி ஒரு தொகுப்பாக்கினார். அது 1958-இல் முதலில் பாரிஸில் வெளியானது. அமெரிக்கப் பதிப்பு வந்தபோது, அங்கு நிறையப் பேர் படித்த ஒளிப்பட இதழ் ஒன்று மங்கல், புள்ளிகள், சாய்ந்த தொடுவானம், அலட்சியம் என்று குறைகளை அடுக்கியது. அந்தக் குறைகளைப் படத்தில் யாரும் காட்ட முடியும்; அவை இருக்கின்றன. ஆனால் ஓடும் ஊரை ஓட்டத்திலேயே பிடிக்க முனைந்தவருக்கு அந்தச் சாய்வு எதற்குப் பயன்பட்டது என்று அந்த இதழ் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்று அந்தத் தொகுப்பு அந்த நூற்றாண்டின் முதன்மையான ஒளிப்பட நூல்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

ஆகவே உங்கள் மூத்தவர் ‘சாய்ந்திருக்கிறது’ என்று சொல்வதில் தவறில்லை. அதை அடுத்து ‘இந்தச் சாய்வு வேண்டும் என்று வைத்தீர்களா?’ என்று அவர் கேட்க வேண்டும். உங்கள் கடற்கரைப் படத்தில், நேர்மையாகச் சொன்னால், அது கவனிக்காமல் நேர்ந்த சாய்வுதான்.

யாராவது குறை சொன்னால் உடனே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறேன்; வீட்டுக்கு வந்து இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதை எப்படி மாற்றுவது? – வாசகர், சேலம்

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. இருபத்து மூன்று வயதில், சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகளை எடுத்த ஒரு பிரதியைப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தது, பனியில் நின்றது எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டிருக்க, அவர் ஒன்றும் பேசாமல் ‘ட’ வடிவில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளைப் பிரதியின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். கடைசியில், படத்தின் இடது மூலையில் பீடி பற்ற வைக்கும் வண்டிக்காரரும் அவர் உள்ளங்கை வெளிச்சமும் மட்டும் மிஞ்சின. நான் காட்ட வந்த வண்டி வரிசை அட்டைக்கு அடியில் போய்விட்டது. கோபத்தோடு திரும்பி, இரண்டு வாரம் அந்தப் பிரதியைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் எடுத்துப் பார்த்தபோது என் கண்ணும் நேராக அந்த மூலைக்குத்தான் போனது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது. படத்தைக் காட்டும்போது வாயைத் திறப்பதில்லை, ஏனென்றால் என் விளக்கத்தைக் கேட்டுவிட்டவர் படத்தைத் தனியாகப் பார்க்கும் வாய்ப்பை இழந்துவிடுகிறார். சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். ஒரு வாரம் கழித்துத்தான் படிக்கிறேன். எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால், அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் சொல்லும் தீர்வு மூன்றும் தவறாக இருக்கக்கூடும். தடுக்கிய இடம் பெரும்பாலும் தவறாக இருப்பதில்லை.

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு முறை கூடிப் படங்களைப் பார்க்கிறோம். பேச்சு சண்டையில் முடிகிறது, அல்லது யாரும் வாய் திறப்பதில்லை. – வாசகர், நாகர்கோவில்

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் 1990-இல் தம் துறைக்காக வகுத்த முறை ஒன்று ஒளிப்படத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது. முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று மட்டும் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தமக்குச் சந்தேகமுள்ள இடங்களைப் பற்றி அவர்களிடம் கேட்பார். அதன் பிறகு அவர்கள் அவரிடம் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது: ‘ஏன் இவ்வளவு இருட்டாக எடுத்தீர்கள்?’ என்பதற்குப் பதிலாக ‘வெளிச்சத்தைப் பற்றி என்ன நினைத்திருந்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். கருத்து கடைசியில்தான் வரும். அதுவும் ‘பின்னணியைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?’ என்று அனுமதி கேட்ட பிறகு. ஒரு கூட்டத்துக்கு ஐந்தாறு படங்களுக்கு மேல் வைக்காதீர்கள். எடுத்தவர் பெயரை முதலில் சொல்லாமல் காட்டினால் இன்னும் நல்லது.

பன்னிரண்டு வயது மகள் கைபேசியில் நிறையப் படம் எடுக்கிறாள். திருத்தலாமா? – வாசகி, கோவை

இப்போதைக்கு வேண்டாம். நாற்பது படங்களில் அவளுக்குப் பிடித்த மூன்றை அவளையே எடுக்கச் சொல்லி, ஏன் அந்த மூன்று என்று மட்டும் கேளுங்கள்.

அம்மா இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு நான் எடுத்த படத்தைக் குழுவில் காட்டினேன். பின்னணியில் மருந்துப் புட்டிகளும் டம்ளரும் கலைந்து கிடக்கின்றன, கிராப் செய்யுங்கள் என்றார் ஒருவர். மனம் உடைந்துவிட்டது. – வாசகர், தஞ்சாவூர்

எந்தப் படத்தைக் கற்றுக்கொள்வதற்காகக் காட்டுகிறோம், எதைப் பகிர்ந்துகொள்வதற்காகக் காட்டுகிறோம் என்பதைக் காட்டும்போதே சொல்லிவிடுங்கள்; கேட்பவர்களும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பேச வேண்டும். அந்த நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஆனால் அவர் யோசனையை நீங்கள் கேட்க வேண்டாம். அந்தப் புட்டிகளும், எவர்சில்வர் டம்ளரும், கட்டில் காலில் தொங்கும் துண்டும் அம்மாவின் கடைசி நாட்கள் இருந்த அறை. இருபது ஆண்டுகள் கழித்து உங்கள் பிள்ளைகள் பாட்டியின் முகத்துக்கு அடுத்தபடியாக அவற்றைத்தான் தேடுவார்கள். எதையும் வெட்டாமல் முழுப் படத்தையும் தாளில் அச்சிட்டு ஆல்பத்தில் வையுங்கள். அதன் கீழே தேதியையும் ஊரையும் எழுதுங்கள்.