ஆசிட் தொட்டியில் யூகலிப்டஸ் தைலம்: ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் சிறு பட்டறை. 500 லிட்டர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டியில் துரு எடுக்கிறோம், இரும்பும் கரைகிறது. யூகலிப்டஸ் தைலம் ஊற்றினால் போதும், இரும்பு கரையாது என்கிறார் ஓர் ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். தைலத்தில் உள்ள சினியோல் என்ற பொருள் இரும்பின் மேல் ஒட்டி ஆசிட்டை மறிப்பது உண்மைதான். ஆனால் ஆய்வுகள் பெரும்பாலும் 1 மோலார் ஆசிட்டில், அதாவது சுமார் 3.6 சதவீதத்தில், பளபளவென்று தேய்த்த தகட்டில் நடந்தவை. பட்டறைத் தொட்டியில் 10 முதல் 15 சதவீதம் இருக்கும். கரைந்த இரும்பும் சேர்ந்திருக்கும். சூடு ஏறினால் தைலத்தின் பிடி பொதுவாகத் தளரும், வேலூர்ப் பக்கத்து மே மாதம் தெரிந்ததுதானே! ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கல்வி அமைப்பு பட்டறைத் தொட்டியை எட்டிப் பார்க்காததால்தான் ஏஜென்ட்டுகள் அந்த இடத்தில் புகுந்துவிடுகிறார்கள்.

அவர்கள் விற்பதில் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். 1 மில்லி தைலத்தில் 70 சதவீத ஆல்கஹால் 5 மில்லி விட்டுக் குலுக்குங்கள். பாலாகக் கலங்கினாலோ இரண்டு அடுக்காகப் பிரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மண்ணெண்ணெய்ப் படலம் படிந்த இரும்பில் கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) போட்டால் துத்தநாகம் பிடிக்காமல் கருந்திட்டு விழும். 'மூலிகை இன்ஹிபிட்டர்' (அரிப்புத் தடுப்பான்) என்று மட்டும் எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத கேனையும் தொடாதீர்கள்.

நல்ல தைலம் கிடைத்தால் முதலில் சோதியுங்கள். 5 × 2.5 சென்டிமீட்டரில் ஒரே தகட்டிலிருந்து இரண்டு துண்டுகள். எமரி தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, மில்லிகிராம் காட்டும் தராசில் எடை பாருங்கள். உங்கள் தொட்டி ஆசிட்டையே இரு கண்ணாடிப் பாத்திரங்களில் ஒரு லிட்டர் வீதம் எடுங்கள். தைலம் நீரில் கரையாமல் மிதக்கும். அதனால் 1 கிராமைக் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து ஒன்றில் மட்டும் கலக்குங்கள். இரண்டிலும் ஒவ்வொரு துண்டை முக்கி வையுங்கள். ஆறு மணி நேரம் கழித்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். தைலமில்லாத துண்டு 200 மில்லிகிராமும் தைலமுள்ளது 40-ம் இழந்தால் 80 சதவீதப் பாதுகாப்பு. வெயில் நேரத்திலும் இதே சோதனையைச் செய்யுங்கள். தைலமும் ஆல்கஹாலும் எரியும், தொட்டியிலிருந்து ஹைட்ரஜனும் வரும். அருகில் பீடியோ வெல்டிங் பொறியோ கூடாது.

ஒன்றே ஒன்றில் மட்டும் எந்தச் சோதனையும் உதவாது. தலையில் 10.9, 12.9 என்று பொறித்த அதிக வலிமை போல்ட், ஸ்பிரிங், ஸ்பிரிங் வாஷர் எதையும் ஆசிட்டில் போடாதீர்கள். எடை குறையாவிட்டாலும் ஹைட்ரஜன் உள்ளே புகும். வெளியே ஒன்றும் தெரியாது, மாட்டி முடுக்கிய பிறகு பட்டென்று முறியும். அந்தச் சாமான்களுக்கு ஷாட் பிளாஸ்டிங்தான், அதாவது சிறு உலோகக் குண்டுகளை வேகமாக அடித்துத் துரு எடுப்பதுதான். "ஐந்தே நிமிடம்" என்று வாடிக்கையாளர் கெஞ்சினாலும் முக்காதீர்கள்.