ஒன்பதாம் வகுப்பில் சிஸா வருவாள்

தம்பி, உங்கள் கேள்வியை அப்படியே முதலில் எழுதிவிடுகிறேன். குடும்பத்தோடு லாஸ் பான்யோஸுக்கு வருகிறீர்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் கல்லூரி முதலாண்டு. பிலிப்பைன்ஸில் அந்த நாட்டின் தேசிய நாயகர் ஹோசே ரிஸால் என்பவரின் வாழ்க்கையையும் எழுத்தையும் படித்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே, நம் பிள்ளைகளுக்கு விலக்கு கிடைக்குமா, கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி என்பதால் இது மதப் பாடமா என்று கேட்டிருந்தீர்கள்.

விலக்கு கிடையாது. குடியரசுச் சட்டம் 1425, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் பொது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு என்று தனியாக அதில் எதுவும் எழுதவில்லை. உங்கள் மகன் எந்தப் பட்டம் படித்தாலும் மூன்று யூனிட் ரிஸால் பாடம் முடிக்காமல் வெளியே வர முடியாது. மகளுக்கு ஃபிலிப்பினோ மொழிப் பாடத்தில் ஒன்பதாம் வகுப்பில் ‘நோலி மே தாங்கெரே’, பத்தாம் வகுப்பில் ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’. இரண்டும் ரிஸாலின் நாவல்கள். முதலாவது 1887ல் பெர்லினில் அச்சானது, அடுத்தது 1891ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில்.

மதப் பாடமா என்ற கேள்விதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நடந்தது நேர் எதிர். 1956ல் செனட்டர் கிளாரோ ரெக்தோ இந்த மசோதாவைக் கொண்டுவந்து, ஹோசே லாரெல் செனட்டில் அதற்காக நின்றபோது, மூர்க்கமாக எதிர்த்தது கத்தோலிக்க சபைதான். காரணம் நாவலிலேயே இருக்கிறது. ஸ்பானிய ஆட்சியில் பாதிரியார்கள் நிலத்தையும் ஊரையும் எப்படி வைத்திருந்தார்கள் என்று ரிஸால் பெயர் மாற்றி எழுதியிருந்தார். இதைக் கட்டாயமாக்கினால் பள்ளிகளை மூடிவிடுவோம் என்ற பேச்சு வந்தது. மூடினால் அரசு எடுத்து நடத்தட்டும் என்றார் ரெக்தோ. கடைசியில் ஒரு சமரசம்: மத நம்பிக்கை உறுத்துகிறது என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தால், வெட்டாத முழு நாவலைப் படிப்பதிலிருந்து மாணவருக்கு விலக்கு. பாடத்திலிருந்து விலக்கு இல்லை. 1956 ஜூன் 12ல் ஜனாதிபதி மக்சாய்சாய் கையெழுத்துப் போட்டார். அதே சட்டம், நூலகங்களில் போதிய பிரதிகள் இருக்க வேண்டும், உள்ளூர் மொழிகளில் மொழிபெயர்த்து மலிவுப் பதிப்பாக அச்சிட்டு படிக்க விரும்புகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதற்கென மூன்று லட்சம் பெசோ ஒதுக்கினார்கள். எனக்குச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இந்தக் கடைசி வரிகள்தான்.

நாங்கள் வந்து பதினேழு வருடம் ஆகிறது. என் கணவருக்கு இங்கே நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது உங்களைப் போலவே நானும் பயந்தேன். ஃபிலிப்பினோவுக்கு அடிப்படையான தகாலாக் மொழி இன்னும் தடுமாற்றம், இதில் பழைய நடையில் ஒரு நாவலா என்று. அப்புறம்தான் தெரிந்தது, ரிஸால் எழுதியது ஸ்பானிய மொழியில். இங்கே பிறந்த பிள்ளைகளும் மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள். அந்த நடை அவர்களுக்கும் கடினம். உங்கள் மகள் மட்டும் பின்தங்கி நிற்க மாட்டாள்.

சிஸா என்று ஒரு அம்மா வருவாள். அவளுடைய இரண்டு பையன்கள் பசிலியோ, கிறிஸ்பின். தேவாலயத்தில் மணியடிக்கும் வேலை. ராத்திரி வீட்டுக்கு வருவார்கள் என்று இருப்பதையெல்லாம் சமைத்து வைக்கிறாள். சூதாடிப் புருஷன் வந்து உட்கார்ந்து தின்றுவிட்டுப் போகிறான். மிச்சம் மூன்று கருவாடு. ஆளுக்கு ஒன்றரை என்று கணக்குப் போட்டு மறுபடி சுட்டு வைக்கிறாள். சின்னவன் வரவே மாட்டான். திருட்டுப் பட்டம் கட்டி அடித்திருக்கிறார்கள். பிறகு அவளையே காவலர்கள் தெருவழியே நடத்திக் கூட்டிப்போகிறார்கள். அவளுக்குப் புத்தி பேதலித்துப் போகிறது.

என் மகள் இதைப் படித்த வாரம் சந்தையில் மீன்காரம்மாவிடம் பள்ளியில் என்ன பாடம் என்று பேச்சு வந்தது. ‘நோலி’ என்றாள். அந்தம்மா செதில் உரிப்பதை நிறுத்திவிட்டு, கத்தியைக் கையில் பிடித்தபடியே, “பசிலியோ! கிறிஸ்பின்!” என்று சிஸா கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக் காட்டினார். பள்ளி நாடகத்தில் அவர்தான் சிஸாவாம். பக்கத்துக் கடைக்காரரும் அடுத்த வசனத்தைச் சொன்னார். பதினோரு வருடம் அவரிடம் மீன் வாங்கியிருக்கிறேன். விலையைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் வந்தது அன்றுதான்.

ரிஸாலின் ஊர் கலம்பா, இங்கிருந்து ஜீப்னி என்கிற பொது வண்டியில் கொஞ்ச தூரம். 1861ல் அங்கே பிறந்தார். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது அவர் அம்மா தெயோதோராவைப் பொய்க் குற்றம் சாட்டி, மாகாணத் தலைநகர் சாந்தா குரூஸ் வரை நடத்தியே கொண்டுபோனார்கள். இரண்டரை வருடம் சிறை. கலம்பாவிலிருந்து சாந்தா குரூஸ் போக லாஸ் பான்யோஸைத் தாண்ட வேண்டும். சிஸாவைத் தெருவில் நடத்துகிற பக்கத்தை அந்தச் சாலையை நினைத்துக்கொண்டு படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ரிஸால் கண் மருத்துவர் ஆனார். பின்னாளில் அந்த அம்மாவின் கண்ணுக்கே அறுவை செய்தார். 1896 டிசம்பர் 30ல் மணிலாவில் ஸ்பானியர்கள் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். அந்த நாள் இங்கே இன்றும் விடுமுறை.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். என் மகள் படித்த பள்ளியில் நாவலுக்குப் பதில் மெல்லிய சுருக்கப் புத்தகம் கொடுத்தார்கள். தேர்வில் ரிஸாலின் பத்து சகோதர சகோதரிகளின் பெயரை வரிசையாக எழுதச் சொன்னார்கள். ரெக்தோ அவ்வளவு சண்டை போட்டது இதற்கா? அதனால் சுருக்கத்தை நம்பாதீர்கள். முழு நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு இங்கே புத்தகக் கடைகளில் கிடைக்கும். மகளோடு நீங்களும் இரவில் ஒரு அத்தியாயம் படியுங்கள். முதல் ஐந்தாறு அத்தியாயம் விருந்தும் பேச்சுமாக மெதுவாகப் போகும், அங்கே விட்டுவிடக் கூடாது. மகனுக்கும் இதே புத்தகம் உதவும்.

தகாலாக் பிரதி வாங்க வேண்டாம். என் மகளுடையது இருக்கிறது, ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறாள். சிஸா வருகிற பக்கங்களில் எழுத இடமே இல்லை. வந்து இறங்கியதும் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.