நூலகர்கள் சமூக வலைத்தளங்களை எப்படிப் பயன்படுத்தலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நூலகராக இருக்கும் நீங்கள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். புதுப் புத்தக அட்டைகளைப் போடுவதோடு நின்றுவிடாமல் வாசகர்களிடம் கேள்வி கேளுங்கள்.

2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய புகைப்படங்களை ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் ஏற்றி, தெரிந்ததைச் சொல்லும்படி பொதுமக்களைக் கேட்டது. வந்த தகவல்களைச் சரிபார்த்துத் தன் பட்டியலிலும் சேர்த்தது. உங்கள் ஊருக்கு இது அப்படியே பொருந்தும். 1860 முதல் டர்பனை உள்ளடக்கிய நேட்டால் பகுதிக்கு வந்த தமிழர்களின் பெயர்கள் கப்பல் பட்டியல்களில் ஆங்கில எழுத்தில் உருமாறிக் கிடக்கின்றன. கோயில் திருவிழா, கரும்புத் தோட்டப் படங்களோ வீட்டு அலமாரிகளில் இருக்கும். உரியவர்களின் அனுமதியோடு ஒரு படத்தைப் போட்டு, 'இவர்கள் யார்?' என்று கேளுங்கள். பாட்டிமார் பேரப்பிள்ளைகளின் போனில் பேசியே பதில் அனுப்பட்டும். யார் சொன்னது என்பதையும் குறித்து வையுங்கள். இது ரொம்ப முக்கியம்.

அப்புறம், வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர்களின் எண்கள் எல்லோருக்கும் தெரியும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருப்பதால், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாத வாட்ஸ்அப் சேனல் தொடங்கி, பதில்களை நூலகத்தின் எண்ணுக்குத் தனியாக அனுப்பச் சொல்வது நல்லது.